ஏழாம் எண் சீசா

1984-ஆம் வருஷம் மாசி மாதம் அந்த ஓட்டப் பந்தயம் நடந்தபோது விஜயத்துக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் இருபத்தொரு வருஷம் ஒரே மேஜையின் முன்னால் நின்றபடி கழிந்திருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது. சாயங்காலம் வீடு திரும்பும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

வீடு பழங்காநத்தத்தில். நடந்துபோகிற தூரத்தில் கம்பெனி. இருமல் மருந்து, இழுப்பு மருந்து, வயிற்றுக்கடுப்பு மருந்து என்று நாலைந்து தினுசு தண்ணீர் மருந்துகளைத் தயாரித்து, சீசாக்களில் அடைத்து, தேனி, திண்டுக்கல் வரை அனுப்பும் சின்னக் கம்பெனி. மருந்து வெளியே போகும் முன், சொன்ன அளவு சொன்ன சரக்கு அதில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் அறை உண்டு. அந்த அறை விஜயத்தின் பொறுப்பு.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் படித்தவள். லேபிள் ஒட்டுவதற்குத்தான் சேர்ந்தாள். அப்போதிருந்த கெமிஸ்ட் ஒருநாள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவச் சொன்னார். கழுவியது சுத்தமாக இருந்ததால் நிறுக்கச் சொன்னார். நிறுத்தது சரியாக இருந்ததால் மற்றதையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பிறகு அவர் மெட்ராஸ் போய்விட்டார். அடுத்தடுத்து மூன்று பேர் வந்து போனார்கள். கடைசியில் முதலாளி பட்டாபிராமனே கெமிஸ்ட் என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார், அவர் பி.எஸ்ஸி. கையெழுத்து யாருடையதாக இருந்தாலும் வேலை விஜயத்தினுடையது.

இழுப்பு மருந்தில் எபிட்ரின் என்ற சரக்கு இருக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முறை இது. கண்ணாடித் தகட்டில் ஒரு வெள்ளைப் பொடியைக் குழைத்து மெல்லிசாகப் பூசிக் காயவைக்க வேண்டும். அடியில் ஒரு சொட்டு வைத்து, ஜாடியில் இருக்கும் திரவத்தில் தகட்டை நிறுத்தினால், திரவம் மெதுவாக மேலே ஏறும். சொட்டில் உள்ள ஒவ்வொரு சரக்கையும் ஒவ்வொரு உயரத்தில் விட்டுவிட்டுப் போகும். பிறகு ஒரு மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் எபிட்ரின் இருக்கும் இடம் ஊதாவாகத் தெரியும். பக்கத்திலேயே சுத்தமான எபிட்ரின் ஒரு சொட்டு வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம் என்றால் சரக்கு அதுதான். இதை விஜயம் எத்தனை ஆயிரம் தகடுகளில் பார்த்திருப்பாளோ. ஒரு தகட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டாள். இரண்டு போடுவாள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது.

அந்த வருஷம் தை மாதம் நல்லகாமன் கம்பெனியைத் தேடி வந்தார். ஆரப்பாளையம் பக்கத்தில் இருந்த ஒரு நூல் ஆலையின் விளையாட்டுச் சங்கத்துக்கு அவர் செயலாளர். வருஷாவருஷம் மாசியில் அந்த ஆலை ஆட்களுக்கு ஓட்டப் பந்தயம் நடக்கும். செக்கானூரணியிலிருந்து ஆலை வாசல் வரை பதினெட்டு கிலோமீட்டர். முதல் மூன்று பேருக்கு வேலை நிரந்தரம் ஆகும். அதனால் ஓடுகிறவர்கள் எல்லாம் பதிலி ஆட்கள். அதாவது, வாசலில் காத்திருந்து, உள்ளே யாராவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் வேலை கிடைக்கிறவர்கள்.

"தில்லியில ஆசியப் போட்டி நடந்துச்சுல்ல சார், அங்க செயிச்சவங்களுக்கு ஒண்ணுக்குப் பிடிச்சுச் சோதிச்சாங்களாம். நம்மளும் அப்படிச் செஞ்சுபுடணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு," என்றார் நல்லகாமன். "போன வருசம் செயிச்சவன் மருந்தக் குடிச்சுப்புட்டு ஓடுனான்னு ஒரே பேச்சு. வாசல்ல கலவரமாப் போச்சு."

"எங்களுக்குத் தெரிஞ்சது எபிட்ரின் ஒண்ணுதான்," என்றாள் விஜயம். "அதையும் மருந்துல பார்த்திருக்கேன். மூத்திரத்துல பார்த்ததில்லை. வேற எதையாவது போட்டுண்டு ஓடினா எனக்குத் தெரியாது."

"அது போதும்மா. சோதிக்கிறோம்னு தெரிஞ்சாலே பயலுக பயந்துக்கிருவாங்க."

பட்டாபிராமன் ஒத்துக்கொண்டார். விஜயம் மூன்று வாரம் அதற்காகப் பழகினாள். பட்டாபிராமனுக்கே இழுப்பு உண்டு. எபிட்ரின் மாத்திரை சாப்பிடுகிறவர். அவருடைய சிறுநீரைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். சீசா கழுவும் ராக்கம்மாள் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்: "இம்புட்டு வருசமா மருந்தச் சோதிச்சாக. இப்ப மொதலாளியவே சோதிக்கிறாக. லேபிள் ஒட்டி அனுப்பிறப் போறாக, பாத்துக்கங்க."

மாத்திரை சாப்பிட்ட அன்றைக்கு ஊதாப் பொட்டு அடர்த்தியாக வந்தது. மறுநாள் மங்கியது. மூன்றாம் நாள் இல்லை. எல்லாவற்றையும் விஜயம் தேதி போட்டு எழுதி வைத்தாள். சரக்கு எதுவும் கலக்காத வெறும் தண்ணீரைத் தன் குடுவையில் எடுத்து அதே முறையில் சோதித்தாள். பொட்டு வரவில்லை. அவளுடைய குடுவை சுத்தம். சோதனை சரியாக வேலை செய்கிறது. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பந்தயத்துக்குச் சீசாக்களை நல்லகாமன் ஏற்பாடு செய்தார். ஆலையின் மருந்தகத்திலிருந்து பன்னிரண்டு சீசா வாங்கி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் ஒட்டி, மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஓடி முடித்த முதல் மூவரும் தங்களுக்குப் பிடித்த சீசாவை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இரண்டு, ஏழு, பத்து என்று மூன்றை எடுத்தார்கள். யார் எந்த எண் என்பது நல்லகாமனுக்கு மட்டும் தெரியும். திங்கட்கிழமை காலை மூன்று சீசாக்களையும் கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் படுக்கவைத்துக் கட்டி, கம்பெனிக்குக் கொண்டுவந்தார்.

இரண்டிலும் பத்திலும் ஒன்றும் இல்லை. ஏழில் ஊதாப் பொட்டு வந்தது. விஜயம் மறுபடி போட்டாள். மறுபடியும் வந்தது. 'ஏழாம் எண் ஓட்டக்காரரின் சிறுநீரில் எபிட்ரின் உள்ளது' என்று எழுதினாள். பட்டாபிராமன் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவளுக்குக் கால்வலி அதிகம். சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒருவன் கம்பெனி வாசலில் வந்து நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ஒல்லி. கால் விரல்களில் இரண்டு நகம் கறுத்திருந்தது.

"ஏழாம் நம்பரு நாந்தாம்மா," என்றான்.

அவன் பெயர் ஆண்டிச்சாமி. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஊர். நான்கு வருஷமாக அந்த ஆலையில் பதிலி ஆள். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவன். இப்போது ஆலை வாசலில் அறிவிப்புப் பலகையில் அவன் பெயர் எழுதியிருந்தது, பரிசு ரத்து. பதிலி ஆட்களின் பட்டியலிலிருந்தும் பெயரை அடித்துவிட்டார்கள். நான்காவதாக வந்தவனை மூன்றாவதாக்கி அவனுக்கு வேலை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவன் சண்டை போட வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். பந்தயத்துக்கு முந்தின நாலு நாளும் என்னென்ன சாப்பிட்டான் என்று பென்சிலால் எழுதியிருந்தான். கம்பங்கூழ், கருவாடு, ஆட்டுத்தலை ஒருநாள், உசிலம்பட்டிச் சந்தையில் வடை, வேர்க்கடலை, வெல்லம்.

"இதுல எதுல இருக்கு அந்த மருந்து? அதச் சொன்னீகன்னா, எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சுக்கிருவேன்."

விஜயம் இரண்டு முறை படித்தாள். "இதுல எதுலயும் இருக்காது. நீ ஆலையில எந்தப் பிரிவு?"

"புளோ ரூம். பஞ்சைப் பிரிக்கிற எடம். தூசி நெஞ்ச அடைக்கும்."

"அதுக்கு ஆலை மருந்தகத்துல தண்ணி மருந்து குடுப்பாங்களே, பழுப்பா?"

"குடுப்பாக. எல்லாருந்தான் குடிப்போம். நான் தை மாசத்துல இருந்து தொடலைம்மா. நல்லகாமண்ணே கூப்பிட்டுச் சொன்னாரு, அதுலயும் அந்த மருந்து இருக்கு, குடிச்சா மாட்டிக்கிருவீங்கன்னு. மூச்சு முட்டுனாலும் முட்டட்டும்னு வெந்நியக் குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

குடித்தவனும் அப்படித்தான் சொல்வான், குடிக்காதவனும் அப்படித்தான் சொல்வான். எது உண்மை என்று பார்க்கத் தகடு இருக்கிறதே தவிர, முகத்தைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை இல்லை. "சீசாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கு. மறுபடி பார்க்கிறேன். அடுத்த வாரம் வா," என்றாள்.

மிச்சத்தை எடுத்து மறுபடி சோதித்தாள். அதே உயரம், அதே ஊதா.

"பாத்தியா," என்றார் பட்டாபிராமன். "மூணு தரம் போட்டாச்சு. மூணு தரமும் அதே பதில். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அடுத்த வாரம் ஆண்டிச்சாமி முதல் பஸ்ஸில் வந்து, கம்பெனி திறக்கும் முன்னால் வாசலில் உட்கார்ந்திருந்தான். முகம் வாடியிருந்தது. வேலை இல்லாததால் ஒரு செங்கல் சூளையில் மண் சுமந்துகொண்டிருப்பதாகச் சொன்னான்.

"மறுபடியும் அதேதான் வந்தது," என்றாள் விஜயம்.

"அப்ப நான் குடிச்சிருக்கேன்," என்றான். "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. பொண்டாட்டி ராமக்காகிட்டக் கேட்டேன், நீ எதுலயும் கலந்துகிலந்து குடுத்தியான்னு. அவ மூணு நாளா எங்கூடப் பேசலை. சோத்தத் தட்டுல போட்டுட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிறா. சுத்தத் தண்ணி, குடிச்சுப் பாத்துக்கன்னு செம்பை முன்னால வைக்கிறா."

அவன் போன பிறகு விஜயம் ராக்கம்மாளைக் கூப்பிட்டு, காலியான ஏழாம் எண் சீசாவை எடுத்துப் போடச் சொன்னாள். ராக்கம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கையில் ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு சீசா போகும்; பார்க்காமல் ஒன்றையும் கீழே வைக்க மாட்டாள்.

"ஆசுபத்திரிச் சீசா," என்றாள். "அளவுக் காயிதம் ஒட்டுன பசை இன்னம் போகலை. இத யாரு கழுவுனது? இது கழுவுன சீசா இல்லை, அலசுன சீசா."

ஒரு வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று காட்ட, மருந்தகங்களில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைச் சீசாவில் ஒட்டித் தருவார்கள். அதன் ஓரம் இன்னும் இருந்தது. விஜயம் அதை முன்பே பார்த்திருந்தாள். ஆலை மருந்தகத்துச் சீசா என்று தெரியும். கழுவியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

"தக்கையப் பாத்தீகளா?" என்று ராக்கம்மாள் அதைப் பிடுங்கிக் காட்டினாள். "கறுத்துப்போயி, ஊறிக்கிடக்கு. நம்ம கம்பெனியில ஒருதரம் போட்ட தக்கைய மறுதரம் போடுவமா? நீங்கதானம்மா வேணாம்னு சட்டம் போட்டீக. ஒரு தக்கைய எடுத்து வச்சுக்கிட்டதுக்கு, பன்னண்டு வருசத்துக்கு முந்தி என்னையக் கிழிகிழின்னு கிழிச்சீக. மறந்துபோச்சா?"

விஜயத்துக்கு மறக்கவில்லை. சீசா கண்ணாடி, அலசினாலே பெரும்பாலும் போய்விடும். தக்கை மரத்தின் பட்டை. மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு எந்தத் திரவம் பட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அது தெரிந்துதான் கம்பெனியில் அந்த விதியை அவள் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து திங்கட்கிழமை வரை மூத்திரம் அந்தத் தக்கையைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. சைக்கிளில் வேறு படுக்கவைத்து வந்திருக்கிறது. அவள் வெறும் தண்ணீரைத் தன் குடுவையில் வைத்துச் சோதித்தாள். வந்த சீசாவில், வந்த தக்கையைப் போட்டுச் சோதிக்கவில்லை. குடுவை சுத்தமாக இருந்தது, சீசாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மிச்சத்தை மறுபடி சோதித்ததும் வீண். அதே தக்கையின் அடியில் இருந்ததுதானே அந்த மிச்சமும்? எத்தனை தரம் போட்டாலும் அதே பதில்தான் வரும்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து ராக்கம்மாள் பார்த்ததில்லை.

"காபி வாங்கியாரவாம்மா?" என்றாள் ராக்கம்மாள், குரலை இறக்கி.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு விஜயம் ஆலைக்குப் போனாள். நல்லகாமன் மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார். கம்பவுண்டர் பேயாண்டி, பயன்படுத்தாமல் திரும்பிவந்த ஒன்பது சீசாக்களையும் எண்ணோடு அலமாரியில் அப்படியே வைத்திருந்தார். எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டதற்குத் தயங்காமல் சொன்னார்.

"சீசாவ ரெண்டு தண்ணியில அலசிருவேன். தக்கையெல்லாம் மொத்தமாத் தொட்டித் தண்ணியில மிதக்கவிட்டு அள்ளிருவேன். அதே மருந்தத்தானம்மா மறுபடி ஊத்துறோம்? அந்த ஆளுக்கும் அதே நோக்காடு, இந்த ஆளுக்கும் அதே நோக்காடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடைய வேலைக்கு அது போதும்.

ஒன்பது சீசாக்களையும் நிமிர்த்தியபடி ரிக்‌ஷாவில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுவந்தாள். முதலில் சீசாக்களில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, புதுத் தக்கை போட்டு, ஒருநாள் படுக்கவைத்துச் சோதித்தாள். ஒன்றிலும் பொட்டு இல்லை. அடுத்து அதனதன் பழைய தக்கையைப் போட்டு ஒருநாள் படுக்கவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தகடு, மொத்தம் பதினெட்டு. கம்பெனி வேலையும் நிற்கக் கூடாது என்பதால் இதற்கு எட்டு நாள் ஆயிற்று. நான்கு தக்கைகளில் எபிட்ரின் வந்தது. ஐந்தில் வரவில்லை. நான்கில் ஒன்று ஏழாம் எண் சீசாவில் வந்த அளவுக்கு அடர்த்தியான ஊதா.

தகடுகளை வரிசையாக வைத்து பட்டாபிராமனுக்குக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அவன் குடிக்கலைன்னு இது நிரூபிக்கிறதா?" என்றார்.

"இல்லை சார்."

"குடிச்சான்னு?"

"அதுவும் இல்லை. தக்கையில இருந்து வந்திருக்கலாம், அவன்கிட்டேயிருந்தும் வந்திருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல நம்மகிட்ட வழி இல்லை."

"அப்புறம் என்னத்துக்கு இந்தப் பாடு? நம்ம சோதனையில தப்பில்லை. பொட்டு வந்தது, வந்ததுன்னு எழுதினோம்."

"வந்ததுன்னு எழுதலை சார். ஓட்டக்காரரின் சிறுநீரில் உள்ளதுன்னு எழுதினோம். அது நமக்குத் தெரியாது. ஏழாம் எண் சீசாவுக்குள்ள இருந்த நீரில்ன்னு மட்டுந்தான் தெரியும்."

பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் லைசென்ஸ் வச்சுண்டு தொழில் பண்றவன். எழுதினது தப்புன்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு நம்ம மருந்தை எவன் வாங்குவான்?"

"எழுதினது நான். ஆராய்ச்சிசாலை உதவியாளர்னு போட்டு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். நீங்க தடுக்காம இருந்தாப் போறும்."

அவர் தடுக்கவில்லை. இரண்டு நாள் அவளிடம் பேசவும் இல்லை. அந்தக் கடிதத்தை ஆலையில் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, வீட்டில் தங்கை அனந்தலக்ஷ்மி, "யாரோ ஓடறவனுக்காக நீ ஏன் இப்படி நிக்கறே? உன் காலைப் பாரு," என்று வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். விஜயம் வாளிக்குள் காலை வைத்தாள். யாருக்காகவோ நிற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் எழுதிய ஒரு வரி ஒருவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்திருக்கிறது. அந்த வரி சரியில்லை. அவ்வளவுதான்.

ஆலையில் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டம் போட்டார்கள். ஆண்டிச்சாமியைக் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. குற்றமற்றவன் என்று இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. மூன்றாவதாக உயர்த்தப்பட்டவன் தன் ஆட்களோடு வந்து வாசலில் நின்றான். கடைசியில், பந்தயத்தையே ரத்து செய்து பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மறுபடி ஓட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆண்டிச்சாமிக்கும் ஆள் அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலை வாசலில் விஜயமே மேஜை போட்டுக்கொண்டு நின்றாள். புதுச் சீசாக்கள், திருகு மூடி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீசா. ஒன்று சோதிக்க, ஒன்று அரக்கு வைத்து நல்லகாமனிடம் பூட்டி வைக்க. எல்லாச் சீசாவிலும் தண்ணீர் வைத்து முன்னதாகவே பார்த்திருந்தாள். காலை எட்டரைக்கே வெயில் ஏறிவிட்டது. ஒருமுறை ஓடி ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒன்றுபோல் அவளைத்தான் திட்டினார்கள் என்று நல்லகாமன் சொன்னார்.

"ஒருத்தனுக்காக ஊரே ஓடணுமாக்கும்னு செக்கானூரணியில ஒரே ஏச்சு. ஆண்டிச்சாமி பயல கிட்டச் சேர்க்கலை. மருந்து மாப்ள, மருந்து மாப்ளன்னு கூப்பிடுறாய்ங்க."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"ஓடுறவன் என்னம்மா சொல்லுவான்."

முதலில் வந்தவனும் இரண்டாவதாக வந்தவனும் முன்பு பரிசு வாங்கியவர்களே. மூன்றாவதாக வந்தவன், போன தடவை நான்காவதாக வந்து மூன்றாவதாக உயர்த்தப்பட்டவன். ஆண்டிச்சாமி நான்காவதாக வந்தான். மூன்றாவது ஆளுக்கும் அவனுக்கும் நடுவே நூறு அடிதான் இருக்கும். ஆரப்பாளையம் தாண்டும்வரை அவன்தான் இரண்டாவது என்று சைக்கிளில் கூட வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு கால் தளர்ந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் அவன் ஓடிப் பழகவில்லை. சூளையில் மண் சுமந்துகொண்டிருந்தான்.

குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, நேரே மேஜைக்கு வந்தான்.

"அக்கா, எனக்கும் ரெண்டு சீசா குடுங்க."

"நாலாவது ஆளுக்குச் சோதனை கிடையாது மாப்ள," என்றார் நல்லகாமன். "மூணு பேருக்குத்தான். நீ போயி மோரக் குடி."

"சங்கத்துக்கு இல்லண்ணே. எனக்கு."

நல்லகாமன் விஜயத்தைப் பார்த்தார். அவள் எண் ஒட்டாத இரண்டு சீசாக்களை எடுத்து நான்கு என்று எழுதி ஒட்டி, மேஜைமேல் வைத்தாள். மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே அவனுக்கும் சாட்சிக்கு ஒரு ஆளைக் கூட அனுப்பினாள்.

மூவரிடமும் ஒன்றும் இல்லை. ஆண்டிச்சாமியிடமும் ஒன்றும் இல்லை. முதல் மூன்றுக்கும் பட்டாபிராமன் கையெழுத்துப் போட்டார். நான்காவதற்குக் கம்பெனி பெயர் அச்சடித்த தாளைத் தரவில்லை. வெள்ளைத் தாளில் விஜயம் தானே எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் வந்தான். தாளைக் கொடுத்ததும் எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தான்.

"இது இந்த ஞாயித்துக்கிழமைக்கு மட்டுந்தான்," என்றாள் விஜயம். "மாசியில நீ குடிக்கலைன்னு இது சொல்லாது. அதைச் சொல்ல இப்ப எதுவும் இல்லை. அந்தச் சீசா வீணாப் போச்சு. நான் அப்பவே தக்கையைப் பார்த்திருக்கணும்."

"வேலைக்கு இது ஆகாதுல்ல?"

"ஆகாது. பதிலிப் பட்டியல்ல மறுபடி பேரைச் சேர்க்கிறதா நல்லகாமன் சொன்னார். அதோட சரி."

அவன் தலையாட்டினான். பிறகு, அவளை நேராகப் பார்க்காமல், "நீங்க என்ன நினைக்கிறீகக்கா? நான் குடிச்சிருப்பேன்னா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவது சுலபம். இல்லை என்று சொன்னால் அவன் நிம்மதியாகப் போவான். அது அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் எதை வைத்துச் சொல்வது? ஒன்பது தக்கையில் நான்கு. ஒரு நோட்டுத் தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"எனக்குத் தெரியாது தம்பி," என்றாள். "உண்மையாவே தெரியாது. நான் தப்பா எழுதினேங்கிறது மட்டுந்தான் தெரியும்."

அது அவனைப் புண்படுத்தியதாகத் தெரியவில்லை. எதிர்பார்த்ததுபோலக்கூட இருந்தது. தாளை அவளிடம் நீட்டினான்.

"சரிக்கா. இதுல எங்க அப்பா பேரையும் ஊர் பேரையும் சேர்த்து எழுதித் தாங்க. வெறும் ஆண்டிச்சாமின்னு இருக்கு. எங்க ஊர்ல ஆண்டிச்சாமி நாலு பேரு. வேற எவனோட காயிதமோன்னு சொல்லிருவாய்ங்க. ராமக்காளே சொல்லிருவா."

"அப்பா பேர் என்ன?"

"கருப்பு."

வரிக்கு நடுவில் செருகி எழுதினால் பிறகு சேர்த்தது என்று யாராவது சொல்லக்கூடும். விஜயம் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, தேதியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள். அவன் ஊருக்குப் போகும் இரண்டரை மணி பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும், அவன் அவசரப்படுத்தவில்லை. சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தான்.